"சிடி4 ஏன் இன்னும் ஏறல?" – வாசகர் கேள்வி பதில்

ரெண்டு மாசம் முன்னாடி எச்ஐவி மாத்திரை பத்தி ஒரு வாசகிக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வந்த லெட்டரும் வாட்ஸ்ஆப் மெசேஜும் ஒரு ஃபைல் சேந்துடுச்சு. பாதிக்கு மேல ஒரே கவலைதான், சிடி4 (எச்ஐவி தாக்கற ரத்த அணு) எவ்ளோ இருக்கணும், ஏன் ஏறல, என்ன சாப்பிட்டா ஏறும். நான் டாக்டர் இல்ல. அரசு ஏஆர்டி சென்டர்ல, அதாவது எச்ஐவிக்கு மாத்திரை கொடுக்கற இடத்துல, 18 வருஷமா கவுன்சிலரா இருக்கேன், டாக்டருங்க சொல்லிக் கொடுத்ததையும் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்ததையும் வெச்சு எழுதறேன். உங்க மருந்தை மாத்தறதா இருந்தா உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும். யார் பேரும் போடல, சில விஷயத்தை அடையாளம் தெரியாம மாத்தியும் இருக்கேன்.

அக்கா, வயசு 34, திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் வேலை. மூணு மாசத்துல 9 கிலோ எடை கொறஞ்சுது, ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி டெஸ்ட் எடுத்தாங்க, பாசிட்டிவ். சிடி4 186. 200-க்குக் கீழ போனா எய்ட்ஸ்னு ஃபோன்ல பாத்தேன். எனக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு? கல்யாணம் ஆகல, அம்மா மட்டும்தான்.

தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். எத்தன நாள்னு கேக்கறீங்களே, மாத்திரையை ஒழுங்கா எடுத்தா பேரன் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சற வரைக்கும் இருக்கலாம், இதை ஆறுதலுக்காகச் சொல்லல, என் சென்டர்ல சிடி4 40, 60-ன்னு ஸ்ட்ரெச்சர்ல வந்தவங்க இன்னிக்குப் பொண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டறாங்க.

சிடி4-ன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க. ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள்ல ஒரு வகை அது. ஊர்ல தண்டோரா போடறவர் இருப்பார்ல, அவரே போய் சண்டை போடமாட்டார், ஆனா அவர் தெருத்தெருவா சொன்னாத்தான் மத்தவங்க கூடுவாங்க. கிருமி வந்துருச்சுன்னு மத்த அணுக்களுக்குத் தகவல் சொல்லிக் கூப்பிடறது இந்த சிடி4 அணுக்கள்தான், எச்ஐவி போய் உக்காந்துக்கறதும் இதுக்குள்ளயேதான், அதனாலதான் எச்ஐவி நேரா ஆளைக் கொல்லாம டிபி, நிமோனியா, மூளைக் காய்ச்சல்னு மத்த நோய்க்கு வாசலைத் திறந்து விடுது. நல்லா இருக்கறவங்களுக்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்துல சுமாரா 500-லேந்து 1500 வரைக்கும் இருக்கும். 200-க்குக் கீழ போனா முற்றின நிலைன்னு சொல்றது உண்மைதான், ஆனா அதுக்கு அர்த்தம் உங்களை இப்ப ரொம்ப கவனமா பாத்துக்கணும்ங்கறதுதான், கதை முடிஞ்சுதுன்னு யாரும் சொல்லல.

உங்களுக்கு டிஎல்டி மாத்திரை கொடுத்திருப்பாங்க. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் ஒரே மாத்திரையில, ஒரு நாளைக்கு ஒண்ணு. வைரஸ் தன்னைப் பிரதி எடுத்துப் பெருகறதை முதல் ரெண்டும் ஒரு இடத்துல தடுக்கும், டோலுடெக்ராவிர் வேற இடத்துல தடுக்கும். இது சிடி4-ஐ ஏத்தற மாத்திரை கிடையாது, இதைத்தான் எல்லாரும் தப்பா நினைச்சுக்கறாங்க, வைரஸை அடக்கி வெக்கற மாத்திரை இது, வைரஸ் அடங்கிட்டா உடம்பு தானா சிடி4-ஐ உண்டு பண்ணிக்கும். டோலுடெக்ராவிர் வந்ததுக்கு அப்புறம் நிறைய பேருக்கு மூணு மாசத்துக்குள்ளயே வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்கற வைரஸோட அளவு, மெஷின்ல தெரியாத அளவுக்கு எறங்கிடுது. ஆனா சிடி4 மெதுவாத்தான் ஏறும். முதல் சில மாசம் கொஞ்சம் குதிக்கும், நெறிக்கட்டிகள்ல மாட்டிக்கிட்டிருந்த அணுக்கள் ரத்தத்துக்குத் திரும்பறதால அது, அப்புறம் புதுசா உற்பத்தி ஆகி வரணும், அதுக்கு நேரம் பிடிக்கும். முதல் வருஷத்துல பொதுவா 50-லேந்து 150 ஏறினாலே நல்ல ஏத்தம். 186-ல ஆரம்பிக்கற உங்களுக்கு 500-ஐத் தொட சில வருஷம் ஆகலாம், சிலருக்கு அங்க போகாமலே 350, 400-ல நின்னுடும், அவங்களும் வைரஸ் அடங்கியிருந்தா வேலைக்குப் போய்க்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க.

இப்ப முக்கியமானது ஒண்ணு. டிஎல்டி கூடவே இன்னும் ரெண்டு மூணு மாத்திரை கொடுத்திருப்பாங்க, "இது என்ன, வயித்துக்குத்தான"ன்னு விட்டுடாதீங்க. ஒண்ணு கோட்ரிமாக்ஸசோல், பெரிய வெள்ளை மாத்திரை, சிடி4 கம்மியா இருக்கறப்ப வர்ற ஒரு வகை நிமோனியாவையும் மூளையில வர்ற தொற்றையும் தடுக்கறதுக்கு. சிடி4 350-ஐத் தாண்டி அங்கயே நிக்குதுன்னு உறுதியானா டாக்டரே நிறுத்துவார். இன்னொண்ணு டிபி வராம இருக்க ஐசோநியாசிட், 6 மாசம், கூடவே பி6 விட்டமின். ஆனா இதைக் கொடுக்கறதுக்கு முன்னாடி டிபி இப்பவே இருக்கான்னு பாக்கணும், இருமல், காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி வேர்வை, இந்த நாலுல ஒண்ணு இருந்தாலும் சளி டெஸ்ட். நீங்க 9 கிலோ கொறஞ்சிருக்கீங்க, அதனால அந்த டெஸ்ட் எடுத்தாங்களான்னு வாய் திறந்து கேளுங்க, தயங்காதீங்க.

மாத்திரை ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல திடீர்னு காய்ச்சல் அடிச்சு கழுத்துல கட்டி வீங்கினா மாத்திரை ஒத்துக்கலன்னு நிறுத்திடாதீங்க. தூங்கிட்டிருந்த எதிர்ப்பு சக்தி முழிச்சுக்கிட்டு உள்ள ஒளிஞ்சிருந்த டிபி கூட சண்டை ஆரம்பிச்சிருக்கலாம், சிடி4 ரொம்பக் கம்மியில ஆரம்பிக்கறவங்களுக்கு இது வர்றது உண்டு, அன்னிக்கே சென்டருக்கு ஓடி வரணும். நல்லா தேறிட்டு வந்த ஒருத்தர் இப்படிப் பயந்து வீட்டுலயே மாத்திரையை நிறுத்திட்டு மூணு வாரம் கழிச்சு வந்தார், அந்த மூணு வாரத்தை எங்களால திருப்பித் தர முடியல. அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

அம்மாகிட்ட சொல்லணுமா வேணாமான்னு இப்பவே முடிவு பண்ண வேண்டாம். முதல் மாசம் மாத்திரை மட்டும்.

என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ரெண்டு பேருக்கும் இருக்கு. அவருக்கு 640. எனக்குப் போன தடவை 412, இந்தத் தடவை 371. ஒரு மாத்திரை கூட விட்டதில்ல. எனக்கு மட்டும் ஏன் எறங்குது, மருந்து வேலை செய்யலயா? — தேனி

எறங்கலம்மா. சிடி4 ஒரே ஆளுக்கு ஒரே நாள்லயே மாறும், காலையில கம்மியா இருக்கும் சாயங்காலம் கூட இருக்கும், ஒரு சளி பிடிச்சாலே ஆடும், மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் வரும். சுமாரா முப்பது சதவீதம் மாறினாத்தான் உண்மையிலேயே ஏதோ நடக்குதுன்னு எடுத்துக்குவாங்க. 412-லேந்து 371 பத்து சதவீதம். நீங்க பாக்க வேண்டியது வைரல் லோடு ரிப்போர்ட்டை. மருந்து ஆரம்பிச்சு 6-வது மாசம், 12-வது மாசம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பாங்க. அதுல "டார்கெட் நாட் டிடெக்டட்"னு, அதாவது வைரஸ் தெரியலன்னு இருந்தா உங்க மருந்து முழுசா வேலை செய்யுது. சிடி4 350-க்கு மேல நின்னு வைரஸும் அடங்கியிருந்தா அப்புறம் சிடி4 அடிக்கடி எடுக்கவே தேவையில்லன்னுதான் இப்ப வழிமுறையே. வீட்டுக்காரரோட நம்பரை உங்களோடத வெச்சுப் பாக்காதீங்க, ஆரம்பிச்சப்ப யாருக்கு எவ்ளோ இருந்துச்சு, வயசு என்ன, இதெல்லாம் சேந்துதான் அந்த நம்பர்.

மேடம், என் மகனுக்கு இந்த நோய்னு போன வருஷம் தெரிஞ்சுது, எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான். நான் தினமும் நிலவேம்பு கஷாயம், முருங்கைக்கீரை சூப்பு, நெல்லிக்காய் கொடுக்கறேன். ஒருத்தர் எதிர்ப்பு சக்தி பவுடர்னு ஒரு டப்பா 4500 ரூபாய்க்குக் கொடுத்தார், இதை மூணு மாசம் சாப்பிட்டா இங்கிலீஷ் மாத்திரையே வேண்டாம்னு சொல்றார். கொடுக்கலாமா?

உங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்கார்னா உங்க மேல எவ்ளோ நம்பிக்கை பாருங்கம்மா, முதல்ல அதுக்கு உங்க கையைப் பிடிச்சுக்கறேன்.

முருங்கைக்கீரை, நெல்லிக்காய், முட்டை, சுண்டல், கடலை, மீன், எல்லாம் தாராளமா கொடுங்க. எடை கொறஞ்சவங்களுக்குப் புரதம் வேணும், ரத்தம் ஊறணும், அதுக்கு சாப்பாடுதான். ஆனா எந்தச் சாப்பாடும் வைரஸை அடக்காது. குழாய் ஒடஞ்சு தண்ணி ஒழுகிட்டிருக்கறப்ப தொட்டியில குடம் குடமா ஊத்தற மாதிரி அது, முதல்ல ஒழுகறதை அடைக்கணும், அதை அடைக்கறது அந்த ஒரு மாத்திரைதான். நான் வேலைக்குச் சேந்த புதுசுல இந்த மாதிரி பவுடரை நம்பி வீட்டை அடகு வெச்சவங்களைப் பாத்திருக்கேன். இலவச ஏஆர்டி நம்ம நாட்டுல 2004 ஏப்ரல் 1-ல தான் ஆரம்பிச்சது, முதல்ல எட்டே ஆஸ்பத்திரி, அதுல ஒண்ணு நம்ம தாம்பரம் சானடோரியம். அதுக்கு முன்னாடி காசு இருக்கறவங்களுக்குத்தான் மருந்து, இல்லாதவங்க கைக்குக் கிடைச்சதைப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்களைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது. இப்ப மாத்திரை சும்மா கிடைக்குது. இப்பவும் ஒருத்தர் வந்து மாத்திரையை நிறுத்துன்னு சொல்லி 4500 ரூபாய் வாங்கினா எனக்குக் கோவம் வருதும்மா, அந்த டப்பாவைக் கொடுக்கவே கொடுக்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, உலோகம் கலந்த மருந்தா இருந்தா கிட்னியைப் பாதிக்கும், ஏற்கெனவே டெனோஃபோவிர் எடுக்கறவங்களுக்கு கிட்னியைப் பாத்துக்கணும்னுதான் கிரியாட்டினின் டெஸ்டே எடுக்கறாங்க.

கஷாயம் கொடுக்கறதையும் மகன்கிட்ட சொல்லி டாக்டர் காதுல போட்டு வெக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, நிறைய அம்மாக்களுக்குத் தெரியாதது: கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கற ஜெல் மருந்து, இதெல்லாம் டோலுடெக்ராவிரைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேர விடாது. ஏஆர்டி மாத்திரையை அதுக்கு 2 மணி நேரம் முன்னாடியோ 6 மணி நேரம் கழிச்சோ போடணும். கால்சியமும் இரும்பும் மட்டும்னா சாப்பாட்டோட சேத்துப் போட்டா பரவாயில்ல, ஜெல் மருந்துக்கு அந்த விலக்கு கிடையாது. சத்துக்குன்னு ஆசையா கொடுக்கற ஒரு கால்சியம் மாத்திரை வெறும் வயித்துல இதோட சேந்து போனா மகனோட மருந்து பாதி வீணாகும். கீரையில இருக்கற சத்தை நினைச்சுப் பயப்பட வேண்டாம், நான் சொல்றது மாத்திரையை.

சங்ககிரி பக்கம், லாரி ஓட்டறேன், 46 வயசு. குவாஹாத்தி லோடுன்னா போக வர 20 நாள். கூட வர்ற டிரைவருக்குத் தெரியக்கூடாதுன்னு மாத்திரை டப்பாவை எடுத்துட்டுப் போறதில்ல, மாசத்துக்கு ஆறேழு நாளாவது விட்டுப் போகுது. இதுக்கு வழி இருக்கா மேடம்?

இருக்குண்ணே. உங்க பக்கத்து டிரைவருங்க நிறைய பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்காங்க, அவங்க கண்டுபிடிச்சதைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

அந்த வெள்ளை டப்பாவை ஆட்டினா கடகடன்னு சத்தம் வரும்ல, 30 மாத்திரையும் ஒரு சின்ன உறையும் உள்ள உருளும். பஸ் ஸ்டாண்டுல பெஞ்சுல உக்காந்து நகத்தால லேபிளைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் நிறைய பேர் வீட்டுக்கே பஸ் ஏறுவாங்க, நான் பாத்துக்கிட்டே போயிருக்கேன், நின்னு பேசினா மத்தவங்களுக்குத் தெரிஞ்சுடும்னு பேசாம தாண்டிடுவேன். டப்பாவுக்குள்ள மேலாப்புல கொஞ்சம் சுத்தமான பஞ்சு வெச்சு மூடினா சத்தம் வராது. அந்தச் சின்ன உறையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஈரத்தை உறிஞ்சறதுக்குத்தான் அது. டேஷ்போர்டு மேல, இன்ஜின் பக்கம் வெக்கக்கூடாது, துணிப்பைக்குள்ள நடுவுல இருக்கட்டும். கேட்டா பிரஷர் மாத்திரைன்னு சொல்லிக்கோங்க, உங்க வயசுல யாரும் திருப்பிக் கேக்கமாட்டாங்க.

நேரம் பத்திக் கவலை வேண்டாம். முன்னாடி இருந்த எஃபாவிரன்ஸ் மாத்திரை ராத்திரிதான் போடணும், தலை சுத்தும், கண்டபடி கனவு வரும், வண்டி ஓட்டறவங்களுக்குப் பெரிய அவஸ்தை. டிஎல்டியைச் சாப்பிட்டோ சாப்பிடாமலோ எந்த நேரத்துல வேணாலும் போடலாம், ஆனா தினமும் ஒரே நேரமா வெச்சுக்கோங்க. சாயங்காலம் டீ குடிக்க நிறுத்தறதுதான் உங்களுக்கு மாறாத நேரம்னா அதையே வெச்சுக்கலாம். மறந்துட்டா ஞாபகம் வந்த உடனே போட்டுடுங்க, மறுநாள் ரெண்டா போடக்கூடாது. மாசம் ஒண்ணுக்கு மேல விடக்கூடாதுங்கறது எங்க கணக்கு, ஆறேழுங்கறது ரொம்ப ஜாஸ்தி. பாதி மருந்து உடம்புல இருக்கறப்ப வைரஸ் அதுக்குப் பழகிக்கும், அப்புறம் அதே மருந்து அதுகிட்ட செல்லாது.

போற வழியில மாத்திரை தீந்துட்டா திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. சென்டர்ல உங்க சிகிச்சை விவரம் எழுதிக் கொடுக்கற பச்சை புக் கையில இருந்தா நாட்டுல எந்த ஊர் அரசு ஏஆர்டி சென்டர்லயும் கேக்கலாம், பக்கத்துல எங்க இருக்குன்னு 1097-க்கு அடிச்சா சொல்லுவாங்க, காசு கிடையாது. அதை விட நல்லது, நீளமான டிரிப்னு உங்க சென்டர்ல முன்னாடியே சொல்லி ரெண்டு மூணு மாசத்துக்குச் சேத்து வாங்கிக்கறது.

எனக்கு இருக்கு, மனைவிக்கு இல்ல. ரெண்டு வருஷமா மாத்திரை எடுக்கறேன், வைரல் லோடு இல்லன்னே வருது. குழந்தை பெத்துக்க ஆசை. ஒரு இடத்துல நினைச்சே பாக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. — விழுப்புரம்

அப்படிச் சொன்னது தப்பு, அவங்க சார்புல நான் வருத்தப்படறேன். வைரல் லோடு 200-க்குக் கீழ தொடர்ந்து இருந்தா உடலுறவு மூலமா இன்னொருத்தருக்குப் பரவாது. ஐரோப்பாவுல ஒருத்தருக்கு இருந்து இன்னொருத்தருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளை வருஷக்கணக்கா கவனிச்சாங்க, முடிவு 2019-ல வந்துச்சு, காண்டம் இல்லாம 76,000 தடவைக்கு மேல, மாத்திரை எடுத்து வைரஸ் அடங்கியிருந்த துணைகிட்டேந்து ஒரு தொற்று கூட இல்ல. ஆண் பெண் ஜோடிகளை வெச்சுப் பாத்த ஆராய்ச்சியிலயும் இதே முடிவுதான். மனைவிக்கு வரலன்னா குழந்தைக்கும் வராது. டாக்டர்கிட்ட சொல்லிட்டு, புதுசா ஒரு வைரல் லோடு எடுத்துப் பாத்துட்டு, இயற்கையாவே முயற்சி பண்ணலாம், மனைவிக்குப் பயமா இருந்தா அவங்க முன்கூட்டியே போட்டுக்கற தடுப்பு மாத்திரையும் இருக்கு. ரெண்டு பேரும் சேந்தே போய் டாக்டரைப் பாருங்க, அவங்க சந்தேகத்தை அவங்க வாயால கேக்கட்டும்.

அக்கா, எனக்கு 20 வயசு. பொறந்ததுலேந்தே இருக்கு, அம்மா அப்பா இல்ல, பாட்டிதான் வளத்தாங்க. 7 வயசுலேந்து மாத்திரை. காலேஜ் ஹாஸ்டல்ல ரூம்ல நாலு பேர், ஒளிச்சு ஒளிச்சு வெறுத்துப் போச்சு, ரெண்டு மாசமா நிறுத்திட்டேன், உடம்புக்கு ஒண்ணும் ஆகல. வைரல் லோடு 48,000-னு சென்டர்லேந்து மூணு தடவை கூப்பிட்டாங்க, எடுக்கல. எப்பத்தான் இதை நிறுத்த முடியும்?

கண்ணு, 13 வருஷம் ஒரு நாள் விடாம போட்டிருக்க. பெரியவங்களே ரெண்டு வருஷத்துல சலிச்சுக்கறாங்க. உனக்கு வெறுப்பு வந்ததுல ஒரு தப்பும் இல்ல.

ஆனா உங்கிட்ட மறைக்காம சொல்றேன். சில சிடி4 அணுக்கள் வருஷக்கணக்கா தூங்கிட்டே இருக்கும், வைரஸ் அதுக்குள்ள சுருண்டு படுத்திருக்கும், பெருகற வைரஸைத்தான் மாத்திரை பிடிக்கும், படுத்திருக்கறதை அதால தொட முடியாது. மாத்திரை நின்னா பெரும்பாலும் சில வாரத்துல அது எழுந்துக்கும், உனக்கு இப்ப நடந்தது அதுதான். உலகத்துல முழுசா குணமானவங்க ரொம்பச் சில பேர், முதல் ஆள் பெர்லின்ல சிகிச்சை எடுத்த திமோதி ரே பிரவுன், அவருக்கு ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாத்தினாங்க, அது உயிருக்கே ஆபத்தான சிகிச்சை, எல்லாருக்கும் பண்ண முடியாது. நடுவுல நிறுத்தி நடுவுல போடலாமான்னும் பாத்தாச்சு, 5472 பேரை வெச்சு, சிடி4 நல்லா இருக்கறப்ப நிறுத்தி எறங்கினப்ப திரும்ப ஆரம்பிச்சாங்க, நிறுத்தினவங்களுக்கு நோயும் சாவும் 2.6 மடங்கு கூடவே 2006-ல அந்த ஆராய்ச்சியையே பாதியில நிறுத்திட்டாங்க. உடம்புக்கு ஒண்ணும் ஆகலன்னு இப்ப உனக்குத் தோணறது சிடி4 இன்னும் கையிருப்பு இருக்கறதால, அது உள்ள கரைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்.

இப்ப சென்டருக்குப் போனா என்ன நடக்கும்னு சொல்றேன். டிபி அறிகுறி கேப்பாங்க, சிடி4 எடுப்பாங்க, மாத்திரை திரும்ப ஆரம்பிப்பாங்க. மூணு மாசம் மாசாமாசம் கவுன்சிலிங், அந்த மூணு மாசம் ஒழுங்கா போட்டா திரும்ப வைரல் லோடு. டோலுடெக்ராவிருக்கு எதிரா வைரஸ் அவ்ளோ சுலபமா பழகாது, அதனால உன்னை மாதிரி நிறுத்திட்டு வந்த நிறைய பிள்ளைங்களுக்கு அதே மாத்திரையிலயே எறங்கியிருக்கு. 1000-க்குக் கீழ எறங்கலன்னா அடுத்த வகை மருந்து இருக்கு, அதுவும் இலவசம்தான்.

ஹாஸ்டல் விஷயம்: சென்டர்லேந்து யாரும் காலேஜுக்குச் சொல்லக் கூடாது, 2017 எச்ஐவி சட்டம் இருக்கு, 2018 செப்டம்பர்லேந்து அமல்ல இருக்கு, உன் சம்மதம் இல்லாம உன் நிலையை வெளிய சொல்லக்கூடாது, இதை வெச்சு ஹாஸ்டலை விட்டு அனுப்பவும் கூடாது. மாத்திரையை ரூம்லதான் போடணும்னு இல்லையே. ஒரு பொண்ணு ஏழு மாத்திரையைச் சின்ன டப்பியில போட்டு பென்சில் பாக்ஸ்ல வெச்சுக்கிட்டு காலேஜ் கேன்டீன்ல காலை டிபனோட போட்டுக்குது, நாலு வருஷமா யாருக்கும் தெரியாது. உன் வயசுப் பிள்ளைங்க மாசத்துல ஒரு நாள் கூடற குழுவும் சில சென்டர்ல இருக்கு, இருந்தா சேந்துக்கோ, இதை ஒளிக்காம பேசற ஒரு இடமாவது உனக்கு வேணும்.

அந்த மூணு மிஸ்டு காலும் திட்டறதுக்கு வந்த ஃபோன் இல்ல, ரிப்போர்ட்டைப் பாத்துட்டுப் பதறிப் போய் என்னை மாதிரி ஒருத்திதான் அடிச்சிருப்பா. இதைப் படிச்ச உடனே அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடு, "நாளைக்கு வர்றேன்"னு மட்டும் சொல்லு.